சுங்கிங் மேன்ஷன்: ஹாங்காங்கில் குறைந்த காசுக்கு அறை எடுப்பவர்களுக்கு

கதவைத் தாழிட்டுக்கொள்ளத் தனி அறை, அதற்குள்ளேயே குளியலறை, ஏசி, இறங்கி நடந்தால் மெட்ரோ. இதெல்லாம் ஓர் இரவுக்கு 250 முதல் 350 ஹாங்காங் டாலருக்குள் வேண்டும் என்றால் (ஒரு டாலர் நம் ரூபாயில் 11-ஐ ஒட்டி வரும்), தேடல் பெரும்பாலும் ஒரே முகவரியில் வந்து நிற்கும்: கௌலூன், சிம் ஷா சுய், நாதன் ரோடு 36 முதல் 44 வரை. 1961-ல் கட்டிய சுங்கிங் மேன்ஷன். பர்மா பஜார் வியாபாரிகளுக்கும், சரக்கு எடுத்துவரும் குருவிகளுக்கும் பழகிய பெயர்தான். சுற்றுலாவுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் பெயரைக் கேட்டதும் வயிற்றைக் கலக்குகிறது.

இந்தக் கட்டடத்தைப் பற்றி வரும் விமர்சனங்களில் பாதி "அந்தப் பக்கமே போகாதீர்கள்" என்கிறது, மீதி "அருமையான அனுபவம்" என்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு ஓர் அறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. சுங்கிங் மேன்ஷன் என்பது ஒரு லாட்ஜ் இல்லை. தனித்தனி முதலாளிகள், தனித்தனி உரிமங்கள், தனித்தனி சுத்தம் என்று எத்தனையோ விடுதிகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவுகளுக்குள் ஒன்று பளிச்சென்றும் இன்னொன்று பூஞ்சைக் காளான் வாடையோடும் இருக்கும். எனவே விமர்சனம் படிக்கும்போது எந்த பிளாக், எந்த மாடி, எந்தக் கதவு எண் என்று இல்லாத எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

முதலில் கட்டடத்தின் அமைப்பு புரிய வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியோடு அலைய நேரிடும். மொத்தம் 17 மாடி. கீழே இரண்டு தளங்கள் முழுக்கக் கடைகள்: பணம் மாற்றுமிடம், செல்போன், துணி, பிரியாணி, சமோசா. அதற்கு மேல் ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து பிளாக்குகள் தனித்தனித் தூண்களாக எழும்பி நிற்கின்றன. மேலே போய்விட்டால் ஒரு பிளாக்கிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கு வழி கிடையாது. ஏ பிளாக் 11-ஆம் மாடியிலிருந்து சி பிளாக் 11-ஆம் மாடிக்குப் போக வேண்டுமென்றால் கீழே இறங்கி, கடைகளுக்கு நடுவே நடந்து, வேறு லிஃப்ட் வரிசையில் நிற்க வேண்டும். இங்கிலாந்துக் கணக்கு என்பதால் தரைத்தளம் தனி, அதற்கு மேல்தான் முதல் மாடி.

ஒவ்வொரு பிளாக்குக்கும் இரண்டே லிஃப்ட். ஒன்று ஒற்றைப்படை மாடிகளில் நிற்கும், மற்றது இரட்டைப்படை மாடிகளில். பெட்டியோடு நான்கு பேர் ஏறினாலே நெருக்கம். எடை கூடி மணி அடித்தால் கடைசியாக ஏறியவர் இறங்கிவிட வேண்டும், அதில் வாக்குவாதம் கிடையாது. விடுதிகள் அதிகம் உள்ள ஏ, பி பிளாக்குகளில் காலை 9 முதல் 11 வரையும், மாலை 6-க்குப் பிறகும் வரிசை நீளும். சி, டி, இ பக்கம் கூட்டம் குறைவு. இதனால் மாடி எண் இங்கே முக்கியமான விஷயமாகிறது. 3 முதல் 6 வரை கிடைத்தால் நல்லது, லிஃப்டை மறந்துவிட்டுப் படியில் இறங்கலாம். உயரத்தில் அறை என்றால், உங்கள் மாடியின் லிஃப்டுக்கு நீண்ட வரிசை நிற்கும்போது பக்கத்து லிஃப்டில் ஏறி ஒரு மாடி முன்போ பின்போ இறங்கிப் படியில் போய்விடுங்கள். அங்கே வேலை செய்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

இனி உரிமம். மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடக்கூடாது. ஹாங்காங்கில் தொடர்ந்து 28 நாளுக்குக் குறைவாக யாருக்கு அறை வாடகைக்கு விட்டாலும் விருந்தினர் விடுதி உரிமம் வேண்டும். வீட்டில் ஓர் அறையை ஆப் வழியாக இரண்டு நாளுக்கு விடுவதும் உரிமம் இல்லாவிட்டால் சட்டவிரோதம்தான். உரிமம் பெற்ற இடங்களின் பட்டியலை உள்துறை விவகாரத் துறையின் உரிம அலுவலகம் இணையத்தில் வைத்திருக்கிறது, யாரும் தேடிப் பார்க்கலாம். நாதன் ரோடு 36 முதல் 44 என்ற முகவரியைக் கொண்டு தேடி, நீங்கள் பதிவு செய்யப்போகும் விடுதியின் பெயர், பிளாக், மாடி, கதவு எண் நான்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயர் மட்டும் ஒத்துப்போய்க் கதவு எண் வேறாக இருந்தால், அந்த உரிமம் உங்கள் அறைக்கானது இல்லை. நேரில் போனால் விடுதி வாசல் கதவில் உரிமச் சின்னமும், உள்ளே பார்வையில் படும்படி உரிமச் சான்றிதழும் இருக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது? காரணம் தீ. 1988-ல் இதே கட்டடத்தில் ஏற்பட்ட தீவிபத்தில் டென்மார்க்கிலிருந்து வந்த பயணி ஒருவர் உயிரிழந்தார். விருந்தினர் விடுதிகளுக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டம் 1991-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகும் ஆபத்து போய்விடவில்லை. 2024 ஏப்ரல் 10 அன்று, இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் ஜோர்டான் என்ற பகுதியில் உள்ள நியூ லக்கி ஹவுஸ் என்ற பழைய கட்டடத்தில் தீப்பிடித்து ஐந்து பேர் இறந்தார்கள். அங்கும் விடுதிகள் உண்டு. இந்த வகைக் கட்டடங்களில் ஒரு குடும்பம் வாழக் கட்டிய ஃபிளாட்டைத் தடுத்துத் தடுத்துப் பல அறைகளாக்கியிருப்பார்கள். நடைபாதை குறுகல், வெளியே போக ஒரே கதவு. ஆகவே பெட்டியை வைத்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அறைக் கதவிலிருந்து மாடிப்படி வரை ஒருமுறை நடந்து பார்ப்பது. எத்தனை கதவைத் தாண்ட வேண்டும், அவை உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கின்றனவா, படியில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதா? படி வரை தடையில்லாமல் போக முடியவில்லை என்றால், கொடுத்த முன்பணம் போனாலும் பரவாயில்லை, வேறு இடம் பாருங்கள்.

அடுத்தது அறை மாற்றும் பழக்கம். 12-ஆம் மாடியில் படத்தைப் பார்த்துப் பதிவு செய்திருப்பீர்கள். போய் நின்றால் ரிசப்ஷனில் இருப்பவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு "வாங்க" என்று வேறு பிளாக்கின் 5-ஆம் மாடிக்குக் கூட்டிப்போவார். ஒரே முதலாளிக்கு வெவ்வேறு பெயரில் மூன்று நான்கு விடுதிகள் இருக்கும், அல்லது நிரம்பிவிட்டால் தெரிந்தவரின் விடுதிக்கு ஆளை அனுப்பிவிடுவார்கள். எல்லா மாற்றமும் ஏமாற்று வேலை அல்ல, சில நேரம் நல்ல அறையே கிடைக்கும். ஆனால் நீங்கள் பட்டியலில் சரிபார்த்த உரிமம் ஓர் இடத்தினுடையது, படுக்கப்போவது இன்னோர் இடத்தில். இதைத் தவிர்க்க, பதிவு செய்தவுடன் ஒரு செய்தி அனுப்பி "என் அறை எந்த பிளாக், எந்த மாடி, எந்தக் கதவு எண்" என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். வந்த பிறகு மாற்றினால் அறையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஐந்து இரவு தங்கப் போனாலும் முதலில் ஓர் இரவுக்கு மட்டும் கட்டுங்கள். பிடித்திருந்தால் காலையில் நீட்டித்துக்கொள்ளலாம், பண்டிகை நாள் இல்லையென்றால் இடம் கிடைத்துவிடும்.

அறை எப்படி இருக்கும்? ஒற்றை அறை என்றால் எழுபது சதுர அடி வாக்கில் நினைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தால் அது கட்டிலின் முனையில் போய் இடிக்கும். கட்டில் மூன்று பக்கச் சுவர்களுக்கு இடையே செருகியது போல இருக்கும்: அகலம் இரண்டரை அல்லது மூன்று அடி, நீளம் ஆறு அடி. ஐந்தே முக்கால் அடிக்கு மேல் உயரமானவர்கள் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். கட்டிலுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கும் இடம். 28 அங்குலப் பெட்டியைத் தரையில் விரித்துத் திறக்க முடியாது, கட்டில்மேல் வைத்துத்தான் திறக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் காலி இடம் இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். பெட்டிபோல மூடிய கட்டிலாக இருந்தால் உங்கள் பெட்டி நடைவழியில்தான் நிற்கும், ராத்திரி எழுந்தால் தடுக்கும். இருவர் தங்கும் அறை என்று விற்பதில் பல, இதே அறையில் கட்டிலை ஓரடி அகலப்படுத்தியதுதான். நண்பர்கள் இருவர் என்றால் இரண்டு தனிக் கட்டில் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

குளியலறை மூன்றடிக்கு மூன்றடி. கழிப்பறைக் கோப்பைக்கு நேர் மேலே ஷவர். குளித்தால் எல்லாமே நனையும், அதனால் கழிவறைத் தாள் சுருளையும் துண்டையும் முதலில் வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். வாளியும் குவளையும் இருக்காது. ஆனால் ஷவர் பெரும்பாலும் கையில் எடுக்கும் குழாய் வகை, கோப்பைக்கு மேலேயே தொங்குவதால் நம் பழக்கத்துக்கு அதுவே போதும். கோப்பையைக் கழுவிவிட வருவது உப்புத் தண்ணீர். ஹாங்காங்கின் பெரும்பகுதியில் கடல்நீரைத்தான் இதற்குப் பயன்படுத்துகிறார்கள், லேசான வாடை அதனால்கூட இருக்கலாம். வெந்நீர் ஹீட்டரின் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, கட்டில் தலைமாட்டுப் பக்கம் எங்காவது இருக்கும். தொட்டி வகை என்றால் குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே போட வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் ஷவரை இரண்டு நிமிடம் திறந்துவிட்டுப் பாருங்கள். தரைத்துளையில் முடி அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கி, இரண்டு அங்குல வாசல்படியைத் தாண்டி அறைக்குள் வந்துவிடும். அங்கே ஒரே தரை என்பதால் பெட்டியின் அடிப்பாகம் நனையும். இந்த ஒரு சோதனையில் தோற்கும் அறைகள் குறைவல்ல. பிறகு ஏசியைப் போட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். முதலில் வரும் காற்றில் புளித்த வாடை அடித்தால் வடிகட்டியைக் கழுவி மாதக்கணக்காகியிருக்கும். மெத்தையின் விளிம்புத் தையலைத் தூக்கிப் பாருங்கள். மிளகுத் தூள் சிந்தியது போலக் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. அதே மெத்தையைத் திருப்பிப் போட்டுத் தருகிறேன் என்பார்கள், ஒப்புக்கொள்ள வேண்டாம். பூச்சி மரத்தடுப்பின் இடுக்கிலும் கட்டில் சட்டத்திலும்தான் முட்டையிட்டிருக்கும், அறையையே மாற்ற வேண்டும்.

ஜன்னல் விஷயத்தில் விளம்பரத்தை அப்படியே நம்ப முடியாது. "ஜன்னல் உண்டு" என்பதற்கு இங்கே மூன்று பொருள்: நாதன் ரோட்டைப் பார்த்தது, பிளாக்குகளுக்கு நடுவே உள்ள காற்றுக் கிணற்றைப் பார்த்தது, நடைபாதையைப் பார்த்த கண்ணாடி. முதல் வகை அரிது, வெளிச்சம் உண்டு, இரவு முழுக்கப் பேருந்துச் சத்தமும் உண்டு. இரண்டாவதுதான் அதிகம். குழாய்களும் மேல்மாடி ஏசிகளின் சொட்டும் தெரியும், சமையல் வாசனை ஏறிவரும், ஆனால் திறந்து வைத்தால் காற்று வரும். மூன்றாவதை ஜன்னலாகவே எண்ண வேண்டாம். மார்ச், ஏப்ரலில் ஹாங்காங்கின் ஈரப்பதம் சுவரிலேயே வியர்க்கும் அளவுக்குப் போகும். அந்த மாதங்களில் ஜன்னலில்லாத அறையில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. ஐம்பது டாலர் கூடக் கொடுத்தாவது திறக்கும் ஜன்னல் உள்ள அறையை எடுப்பது நல்லது.

விலை நாளுக்கு நாள் மாறும். சீனப் புத்தாண்டு, அக்டோபர் 1-ல் தொடங்கும் சீனத் தேசிய விடுமுறை வாரம், கிறிஸ்துமஸ் ஆகியவற்றில் இரண்டு மடங்கு கேட்பார்கள். நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது சீனாவின் குவாங்சோ நகரில் நடக்கும் கான்டன் வர்த்தகக் கண்காட்சி. ஏப்ரல் 15-ஐ ஒட்டியும் அக்டோபர் 15-ஐ ஒட்டியும் தொடங்கி மூன்று கட்டமாக நடக்கும். போகிற, வருகிற வியாபாரிகள் இங்கேதான் இறங்குவார்கள், ஒற்றை அறைகள் முதலில் தீர்ந்துபோகும். 2025 ஜனவரி 1 முதல் தங்கும் கட்டணத்தின் மேல் 3 சதவீத வரியும் மறுபடி வந்திருக்கிறது. ஆப்பில் காட்டும் விலையில் அது சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாவிக்கு 50 அல்லது 100 டாலர் டெபாசிட் வாங்குவார்கள், ரசீது கேட்டு வாங்குங்கள்.

விமான நிலையத்திலிருந்து வர ஏ21 பேருந்து வசதியானது. நாதன் ரோடு வழியாகவே வந்து கட்டடத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். ஒரு மணி நேரம் ஆகும், கட்டணம் 35 டாலர் வாக்கில். பேருந்தில் சில்லறை திருப்பித் தர மாட்டார்கள், ஆக்டோபஸ் என்ற, முன்பே பணம் போட்டு வைக்கும் பயண அட்டை இருந்தால் தொல்லையில்லை. நள்ளிரவுக்குப் பிறகு இறங்கினால் என்21. ஆனால் எல்லா விடுதியிலும் ரிசப்ஷனில் இரவு முழுக்க ஆள் இருப்பதில்லை, வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிப் பதில் வாங்காமல் இரவு விமானம் எடுக்காதீர்கள்.

வாசலில் "கெஸ்ட் ஹவுஸ்? ரூம்? சூட்? வாட்ச்?" என்று சூழ்ந்துகொள்பவர்களிடம் நின்று பேச வேண்டாம். "உங்கள் விடுதி மூடிவிட்டார்கள், வாங்க வேறு காட்டுகிறேன்" என்பது அங்கே பழைய வசனம். நேராக நடந்து உங்கள் பிளாக்கின் எழுத்தைப் பார்த்து வரிசையில் நின்றால் விட்டுவிடுவார்கள். கண்காணிப்புக் கேமராவும் காவலாளிகளும் நிறைய இருப்பதால் கட்டடம் இன்று அதன் பெயர் சொல்வதைவிடப் பாதுகாப்பானது. தொந்தரவு என்பது கூச்சலும் நெரிசலும்தான். பணம் மாற்றுவதற்கு வாசலை ஒட்டிய கடைகளைத் தாண்டி உள்ளே போங்கள், உள்ளே போகப் போக விலை நன்றாகும். பலகையைப் பார்த்துக் கணக்குப் போடாமல், கையில் எத்தனை டாலர் தருவீர்கள் என்று கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக் கவலை இங்கே இல்லை, இந்தக் கட்டடத்தின் பெரிய வசதியே அதுதான். கீழேயே இந்திய, பாகிஸ்தானிய உணவு, ஹலால். ஐந்தாறு நிமிட நடையில் கௌலூன் பள்ளிவாசல். காயல்பட்டினத்திலிருந்து ரத்தின வியாபாரத்துக்கு வந்தவர்கள் பல காலமாகச் சிம் ஷா சுய் பக்கம் இருப்பதால் தமிழ்க் குரல் காதில் விழுவதும் அரிதல்ல.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் புறப்படும் முன் ஹாங்காங் குடிவரவுத் துறை இணையதளத்தில் தங்கள் வருகையை முன்கூட்டியே பதிவு செய்து, அந்தப் பதிவுச் சீட்டை அச்சிட்டு எடுத்துச் செல்ல வேண்டும். கட்டணமில்லை, ஆறு மாதம் செல்லும், ஒருமுறைக்கு 14 நாள் தங்கலாம். இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியா ஆட்களுக்கு இந்த வேலை இல்லை, அவர்கள் ஊர் மூன்று முள் பிளக்கும் அப்படியே பொருந்தும். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வயதான பெற்றோரையோ கைக்குழந்தையையோ அழைத்துப் போகிறீர்கள் என்றால் சுங்கிங் மேன்ஷன் வேண்டாம். லிஃப்ட் வரிசையும் வழுக்கும் குளியலறையும் அவர்களுக்கு ஆகாது. அதே தெருவில் 58 முதல் 62 வரை எண்ணுள்ள மிராடார் மேன்ஷன் இதே வகைதான். நடுவே திறந்த முற்றம், அதைச் சுற்றி நடைபாதை என்பதால் காற்றும் வெளிச்சமும் கொஞ்சம் மேல். இன்னும் அமைதி வேண்டுமானால் ஷாம் சுய் போ மெட்ரோவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மெய் ஹோ ஹவுஸ் இளைஞர் விடுதி. 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைகள் எரிந்து பல்லாயிரம் பேர் வீடிழந்தபோது அவர்களுக்காக அரசு 1954-ல் கட்டிய குடியிருப்பு பிளாக் அது. 2013-ல் விடுதியாகத் திறந்தார்கள். அங்கே பொது அறைப் படுக்கையும் உண்டு, குடும்ப அறையும் உண்டு. படி அகலமானது, சுவரில் ஈரம் இல்லை, கீழே அந்தக் குடியிருப்பின் வரலாற்றைச் சொல்லும் சிறு அருங்காட்சியகமும் இருக்கிறது. வார இறுதிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

தனியாளாக, பகல் முழுக்க வெளியே சுற்றிவிட்டு இரவில் படுக்க மட்டும் வருகிறவருக்கு, உரிமம் சரிபார்த்து, தாழ்ந்த மாடியில், திறக்கும் ஜன்னலோடு எடுத்த சுங்கிங் அறை கொடுத்த காசுக்குத் தகும். நான்கு இரவைத் தாண்டினால் இடநெருக்கடி எரிச்சலைக் கிளப்பும்.

அதிகாலை விமானமாக இருந்தால் சாவி டெபாசிட்டை முந்தின இரவு 9 மணிக்குள்ளேயே பேசித் திரும்ப வாங்கிவிடுங்கள், சாவியை எந்தப் பெட்டியில் போட வேண்டும் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலை நான்கு மணிக்கு லிஃப்டில் வரிசை இருக்காது, ஆனால் ரிசப்ஷன் விளக்கும் எரியாது.